கடிகாரம் இல்லாத ஓட்டம்

பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்த மாணவன், "ஓட்டம் எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறான். அதன்பின் அவன் ஓடுவதே இல்லை. மாணவர்களே, இந்த முடிவு சரிதானா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சருகும் விறகும்

சருகு குப்பென்று எரிந்து உடனே அணைந்துவிடும். விறகோ நின்று எரியும். நம் தசைகளிலும் இவ்வாறு இருவகையில் ஆற்றல் உண்டாகிறது. நூறு மீட்டர் விரைவோட்டத்தில் தசைகள், ஆக்சிஜன் வந்து சேரும்வரை காத்திராமல், தம்மிடம் உள்ள சேமிப்பைக் கொண்டே பெரும்பகுதி ஆற்றலைப் பெறுகின்றன. இது சருகு நெருப்பு; சில வினாடிகளில் தளர்ந்துவிடும். மெதுவான ஓட்டத்தில் குளுகோசும் கொழுப்பும் ஆக்சிஜனுடன் சேர்ந்து நிதானமாக ஆற்றல் தருகின்றன. இது விறகு நெருப்பு.

நூறு மீட்டர் பந்தயம் முதல் வகையை மட்டுமே சோதிக்கிறது. இரண்டாம் வகைத் திறன் பழகப் பழக வளரும். தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும்; ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்கள் கூடும்; இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை அனுப்பும். பந்தயத்தில் கடைசியாக வந்தவனுக்கும் இது பொருந்தும்.

மூச்சே அளவுகோல்

எவ்வளவு வேகத்தில் ஓடுவது? இதற்குக் கடிகாரமும் கால அட்டவணையும் தேவையில்லை. ஓடும்போது பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் விறகு நெருப்பு எரிகிறது என்று கொள்ளலாம். சொற்கள் துண்டு துண்டாக வந்தால் வேகம் மிகுந்துவிட்டது. அப்போது இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சு விரைகிறது. பேசுவதற்கு மூச்சு மிஞ்சுவதில்லை.

மலைப் பாதையில்

கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை இருக்கிறது. அங்கிருந்து வெள்ளிமலையை நோக்கிச் செல்லும் சாலை கல்வராயன் மலையில் ஏறுகிறது. இத்தகைய ஏற்றத்தில் சமதரை வேகத்திலேயே ஓடினால் என்ன ஆகும்?

50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை 50 × 9.8 × 100 = 49,000 ஜூல். தசைகள் செலவிடும் ஆற்றலில் ஒரு பகுதிதான் வேலையாக மாறும், எஞ்சியது வெப்பமாகிவிடும். ஆகவே உண்மையான செலவு இதைவிடப் பன்மடங்கு. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வேகம் குறையாமல் ஏறினால், சமதரையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் வேண்டும். எனவே ஏற்றத்தில் வேகத்தைக் குறைப்பதும் நடப்பதும் தோல்வியல்ல, கணக்கறிந்த செயலே.

இறக்கத்தில் மூச்சு எளிதாகும். ஆனால் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டியிருப்பதால் அவற்றின் நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படும். மறுநாள் வலிக்கு இதுவே காரணம். பலர் நினைப்பதுபோல் லாக்டிக் அமிலம் அன்று.

ஸ்வீடன் தந்த பாடம்

மேடும் பள்ளமும் நிறைந்த இடத்தில் ஒரே சீரான வேகத்தில் ஓடுவது கடினம். இதையே ஒரு முறையாக்கினார் ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர். 1930-களில் அவர் வகுத்த முறைக்கு ஃபார்ட்லெக் என்று பெயர். 'வேக விளையாட்டு' என்பது அதன் பொருள். காட்டுப் பாதையில் மனம் விரும்பும்போது அடுத்த மரம்வரை விரைவது, பிறகு மெதுவாக ஓடுவது, அவ்வளவுதான். இவ்வகையில் பழகிய குண்டர் ஹேக், 1945-இல் ஒரு மைலை 4 நிமிடம் 1.4 வினாடியில் ஓடினார். 1954 வரை அதுவே உலகச் சாதனையாக இருந்தது. விளையாட்டாக ஓடுவது வீண் என்று இனி யார் சொல்வார்?

வெயிலில் எச்சரிக்கை

ஓடும்போது உண்டாகும் வெப்பத்தை வியர்வை ஆவியாகி வெளியேற்றுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பம் நீங்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிராது. ஆகவே கள்ளக்குறிச்சிச் சமவெளியின் கோடையில் விடியற்காலையே ஓடுவதற்கு ஏற்ற நேரம். தலைச்சுற்றலோ குமட்டலோ தோன்றினால் உடனே நின்று, நிழலில் அமர்ந்து, நீர் அருந்த வேண்டும். பேச்சுக் குழறினால் அது ஆபத்தின் அறிகுறி. உடலில் நீர் ஊற்றிக் குளிர்வித்தபடியே மருத்துவ உதவி தேட வேண்டும்.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டே 20 நிமிடம் ஓடுங்கள். மூச்சு வாங்கினால் நடங்கள். நின்று ஒரு நிமிடம் கழித்து, மணிக்கட்டில் நாடித் துடிப்பை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், விருப்பமான நாட்களில், அதே பாதையில் ஓடுங்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். எண் குறைந்திருந்தால் உங்கள் இதயம் தேறி வருகிறது என்று அறியலாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.