இளம் விமானிக்கு ஒரு கடிதம்

கிளிநொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

இரத்மலானையில் விமானமோட்டப் பழகிவரும் நீர், முள்ளும் வட்டமுமாக இருந்த பழைய கருவிகளெல்லாம் மறைந்து இரண்டு ஒளித்திரைகளே எஞ்சியிருக்கும் விமானத்தில் ஏறிவிட்டு, அவை காட்டுவதை எவ்வளவு தூரம் விசுவாசிக்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர். விமானக் கருவிகளைக் கழற்றிப் பரிசோதித்துப் பூட்டுவதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: ஒரு கருவிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நீர் எவ்வளவு அறிந்திருக்கிறீரோ, அவ்வளவுக்கே அதை நம்பலாம்.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்கவில் இறங்கிப் பின் ஜெத்தாவுக்குச் செல்ல வேண்டியிருந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்த சப்தகன்னி மலைத்தொடரில் சுமார் 4,355 அடி உயரத்தில் மோதிச் சிதற, அதிலிருந்த 191 பேரும் மாண்டார்கள். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களில் இதைவிடப் பெரியது இன்றளவும் இல்லை. விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கடல் மைல் தொலைவில், மலைநாட்டின் மேலே பறந்துகொண்டிருந்தபோதே, ஓடுபாதையை நெருங்கிவிட்டதாக எண்ணி விமானிகள் உயரத்தைக் குறைத்துவந்தார்கள். டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் சார்ந்து தம் இருப்பிடத்தை அவர்கள் நிர்ணயித்ததும், அவ்விரண்டும் தவறான வியாக்கியானத்துக்கு இடங்கொடுத்ததுமே இதற்குக் காரணம் என்று விசாரணை கருதியது.

இதைச் சற்று நின்று யோசியும். டொப்ளர் கருவி தரையை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பிவரும் அலையின் மாறுபாட்டிலிருந்து விமானத்தின் வேகத்தையும் பக்கவாட்டு விலகலையும் அளக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு குளக்கட்டில் நடப்பவன் அடிகளை எண்ணித் தூரம் சொல்வது போல, அளந்ததைக் கூட்டிக் கூட்டி இருப்பிடத்தை அனுமானிக்கிறதேயன்றி, கீழே இருப்பது மலையா கடலா என்பது அதற்குத் தெரியாது. மேகத்தைக் காண்பதற்கென அமைந்த ராடரோ, நிலத்தின் சாயலை ஒளித்தீற்றலாகக் காட்டுமேயொழிய அதற்குப் பெயரிடாது, பெயரிடுபவன் விமானி. கரை வந்துவிட்டது என்று எதிர்பார்த்திருப்பவனுக்கு எந்தத் தீற்றலும் கரையாகத் தோன்றும். அந்த யாத்திரிகர்களை நினைக்குந்தோறும் என் மனம் கலங்குகிறது. ஏனெனில் மலைநாட்டின் சிகர உயரங்கள் வரைபடத்தில் அச்சிடப்பட்டவை, அவை அனுமானம் அல்ல.

கருவி பொய் சொல்வதும் உண்டு. 1978 ஜனவரி 1ஆம் திகதி பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட எயார் இந்தியாவின் போயிங் 747, இரண்டு நிமிடத்துக்குள் அரபிக்கடலில் வீழ்ந்து 213 பேரைப் பலிகொண்டது. தலைமை விமானியின் முன்னிருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி வலப்புறச் சாய்விலேயே நின்றுவிட, அவர் இல்லாத சாய்வைத் திருத்துவதாக எண்ணி இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். துணைவிமானியின் கருவியும், இருவருக்கும் பொதுவான மூன்றாவது கருவியும் ஒரு பார்வைத் தூரத்தில் இருந்தன. இதைக் கேட்டு, கருவியை விட்டு உடலுணர்ச்சியை நம்பப் புறப்பட்டுவிடாதீர்; இருளில் கடல்மேல் பறப்பவனுக்கு அவனுடைய உட்செவியே முதற் பொய்சாட்சி. கருவி உண்மை சொல்லியும் கேளாது போனதும் உண்டு: 2010இல் மங்களூரில் 158 பேர் மாண்ட விபத்தில், யந்திரமும் எச்சரித்தது, துணைவிமானியும் மீண்டும் மேலே எழும்பச் சொன்னார்; இருந்தும் விமானம் இறங்கியது.

இக்காலத் திரைகளில் எனக்குள்ள அச்சம் வேறு. பல கருவிகளின் செய்தி ஒரே அழகிய சித்திரமாக வந்துவிடுவதால், இரண்டு திரைகளும் ஒரே செய்மதிக் கருவியிடம் கேட்டுச் சொல்லும்போது, இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொன்னதாக நாம் மயங்கிவிடுகிறோம். 2018இலும் 2019இலும் 346 உயிர்களைக் கொண்டுபோன இரண்டு போயிங் 737 மக்ஸ் விபத்துக்களில், மூக்கைக் கீழே தள்ளிய கணினிக்கு ஆதாரமாயிருந்தது ஒரே ஓர் உணரி. ஆகவே எந்தத் திரையைக் கண்டாலும், இது யாரிடம் கேட்டுச் சொல்கிறது என்று உம் ஆசிரியரை விடாமல் விசாரியும்.

பலாலி விமான நிலையத்துக்குத் தனியே பறக்கும் நாளில் ஒரு காரியம் செய்யும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை பயன்படுத்திய வவுனியா ஓடுபாதையைக் கடக்கையில் நேரத்தைக் கடதாசியில் குறித்து, இரணைமடுக் குளம் எப்போது வரவேண்டும் என்று நீரே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். திரையில் குளத்தைக் குறிக்கும் நீலம் ஆண்டு முழுதும் ஒரே அளவு. ஆவணி வெயிலில் குளம் வற்றி ஒடுங்கிக் கிடக்கும். ஆதலால் நீரைத் தேடாமல், வடக்கு ஓரத்தில் நீண்டு கிடக்கும் குளக்கட்டைத் தேடும். திரை, கடிகாரம், கட்டு ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் மேலே செல்லும். ஒன்று பிணங்கினாலும், எது பிழை என்று ஆராய்வதற்கு முன்னரே, உயரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பலாலிக் கட்டுப்பாட்டாளரைக் கூப்பிடும். அப்படிக் கூப்பிடுவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இங்ஙனம்,
உம் நன்மை நாடும் ஊரவன்