பகிர்ந்த நீர்

நுழையும்முன்

நிலத்தில் வாழும் விலங்கின் ஹார்மோன் பெரும்பாலும் அதன் உடலுக்குள்ளேயே பணிபுரிந்து அடங்கும். மீனுக்கோ, சூழ்ந்திருக்கும் நீரே மற்றொரு மீனை எட்டும் வழியாகிவிடுகிறது. அவ்வழியையும் அது ஆய்வுக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செவுள் என்னும் வாயில்

மீனின் செவுளில் குருதியையும் நீரையும் பிரிப்பது மெல்லிய படலமே. ஆக்சிஜன் நுழையும் அவ்வாயிலின் வழியே, கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உள்ளும் புறமும் கடக்கின்றன. சிறுநீரிலும் கழிவிலும் கூட அவை வெளியேறுகின்றன. மீன் அச்சமோ நெருக்கடியோ உறும்போது சுரக்கும் கார்டிசாலை, மீனைத் தொடாமல் நீரை மட்டும் ஆராய்ந்தே அறிவியலார் அளவிடுகின்றனர்.

இயற்கையும் இவ்வழியைப் பயன்கொள்கிறது. முட்டையிடும் பருவத்தில் பெண் பொன்மீன் நீரில் விடும் ஹார்மோனை ஆண்மீன் முகர்ந்தறிந்து இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகிறது.

சுழலும் நீர்

ஆற்றில் கலந்த ஹார்மோன் நீரோட்டத்தால் நீர்த்துப்போகும். மறுசுழற்சி மீன்வளர்ப்பிலோ, தொட்டிகளின் நீர் ஒன்றுகூடி, வடிகட்டப்பெற்று, மீண்டும் அத்தொட்டிகளுக்கே திரும்புகிறது. வடிகட்டி திண்மக் கழிவை நீக்கும். நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஆனால், கரைந்துள்ள ஹார்மோனை முற்றிலும் அகற்றுவதற்கென அவை அமைக்கப்பட்டவை அல்ல.

ஒப்பீடு பொய்த்தல்

திலேப்பியாவில் ஆண்மீன்களே விரைந்து வளர்வன. ஆதலால், குஞ்சுகளின் தீவனத்தில் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்து ஏறத்தாழ 21 முதல் 28 நாள்கள் வரை அளித்து, அவற்றை ஆண்மீன்களாக்கும் முறை பல நாடுகளில் வழக்கில் உள்ளது. இம்முறையைச் சோதிக்க இரு தொட்டிகள் அமைப்பதாகக் கொள்வோம். ஒன்றில் ஹார்மோன் கலந்த தீவனம்; மற்றொன்றில் வெறுந்தீவனம். இரண்டிற்கும் நீர் ஒன்றே. தீவனத்திலிருந்து கரைந்ததும் மீன்கள் வெளியேற்றியதுமான ஹார்மோன் இரண்டாம் தொட்டியையும் சென்றடையும். அங்கும் ஆண்மீன்கள் மிகுந்தால், இரு தொட்டிகளுக்கும் இடையே வேறுபாடு குறையும். 'ஹார்மோனால் பயனில்லை' என ஆய்வாளர் முடிவு செய்வார். எண்களில் பிழையிராது, அமைப்பிலேயே பிழையிருக்கும்.

எனவே, ஒப்பீட்டுத் தொட்டிக்குத் தனி நீரும் தனி வடிகட்டியும் வேண்டும். சுவரால் பிரிப்பது மட்டும் பிரிப்பாகாது. எது பொதுவாக உள்ளது என வினவுவதே ஆய்வின் முதற்படி.

கற்பவை கற்றபின்

ஒரே வகுப்பறையில் அமர்ந்த இரு மாணவர் குழுக்களுள் ஒன்றுக்கு மட்டும் புதிய கற்பித்தல் முறையைச் சோதித்தால் முடிவு நம்பத்தக்கதாகுமா? இக்கட்டுரைக் கருத்தின் துணைகொண்டு கலந்துரையாடுக.