மருத்துவப் படிப்பும் நேர்முகத் தேர்வும்

மெர்போக்கை அடுத்த செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அங்கும் பிற இடங்களிலும் மருத்துவம் பயில நம் பிள்ளைகள் விரும்புகின்றனர். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழி விண்ணப்பித்தல் வேண்டும். எஸ்.டி.பி.எம். தேர்வில் உயர்ந்த புள்ளிகள் பெற்றால் மட்டும் போதாது. நேர்முகத் தேர்விலும் தேறுதல் வேண்டும்.

அங்கு மனப்பாடம் உதவாது. "ஏன் மருத்துவராக விரும்புகிறீர்?", "நோயாளி மருந்துண்ண மறுத்தால் என்ன செய்வீர்?" என்பன போன்ற வினாக்கள் எழும். சில பல்கலைக்கழகங்களில் மாணவர் பல தேர்வாளரிடம் ஒருவர்பின் ஒருவராகச் சென்று, சில நிமிடங்களுக்குள் விடையளிக்க வேண்டும்.

விடியுமுன் பால்மரம் சீவச் செல்லும் தாயின் முதுகுவலியைக் கண்டு வளர்ந்த பிள்ளையின் மனத்தில் இவற்றிற்கு விடை உண்டு; சொல்லிப் பழகாமையே குறை. ஆகவே பெற்றோரே, இரவு உணவுக்குப்பின் இவ்வினாக்களை வீட்டிலேயே கேட்போம். மலாயிலும் ஆங்கிலத்திலும் தயங்காது விடை கூறப் பழக்குவோம்.