போர்த் துப்பாக்கி தோற்றத்தில் ஏர் ரைபிள்: குறிபார்க்கப் பழக ஆகுமா?

முதல் ஏர் ரைபிள் வாங்கக் கடைக்குப் போகிறவர் கண்ணில் உடனே படுவது அந்தக் கறுப்புத் துப்பாக்கிதான். பிஸ்டல் பிடி, மேலே பல்வரிசை போல ரெயில், நீட்டிச் சுருக்கும் பட் என்ற பின்கட்டை, முன்னால் பைபாட் என்ற இரண்டு கால். பக்கத்தில் மரக்கட்டை ரைபிள் தாத்தா காலத்துச் சாமான் மாதிரி தெரியும். துல்லியமாகச் சுடவும் வீட்டில் பழகவும் இந்தக் கறுப்புத் துப்பாக்கி ஒன்றே போதுமா? சில சோதனைகளைச் செய்து பார்த்து வாங்கினால் பெரும்பாலும் போதும்.

முதலில் எதற்காக வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். 10 மீட்டர் போட்டிதான் கனவு என்றால் இதை வாங்கவே வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற அந்த ஆட்டத்தில் நடுப்புள்ளியின் அகலம் வெறும் 0.5 மி.மீ. சுடும் பெல்லட் குண்டோ 4.5 மி.மீ. ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. உருப்பெருக்காத துளைப் பார்வைதான். ரைபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. அருகிலுள்ள ரைபிள் கிளப்பில் சேர்ந்து, அவர்களுடைய போட்டி ரைபிளில் சில மாதம் பழகுவதே அதற்கு வழி.

காகித இலக்கு, தகர டப்பா, மேசையில் சாய்த்துவைத்து நிதானமாகச் சுடுவது என்பவைதான் நோக்கம் என்றால் மேலே படியுங்கள். காட்டுப் பறவை, விலங்கை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோப்பில் கொக்கு சுட்டுப் பழகலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து, கடையிலேயே உடம்போடு பொருத்திப் பாருங்கள். ரைபிள் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மடக்கிய முழங்கையின் உள்பக்கம் பட் முனையை வையுங்கள். ஆள்காட்டி விரலின் நுனிக்கணு டிரிகரில் படிய வேண்டும். பிறகு தோளில் ஏற்றி, கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, கண்ணைத் திறந்து பாருங்கள். ஸ்கோப்பின் நடுவில் முழு வட்டமும் தெரிந்தால் சரி. கன்னத்தைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்தான் சுடுவீர்கள். டாக்டிகல் எனப்படும் இந்தக் கறுப்பு ரைபிளின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது: கன்னக்கட்டையையும் பட் நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ரைபிளில் அண்ணனும் தங்கையும் பழகலாம். நேராக இறங்கும் பிடி மணிக்கட்டைத் திருகாது. விரல் டிரிகரை நேர்ப் பின்னால் இழுக்கும். பட் பகுதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அந்த ரைபிள் வேண்டாம்.

உள்ளே இருப்பது ஸ்பிரிங்கா, முன்பே காற்றடைத்த பி.சி.பி.யா என்று அவசியம் கேளுங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் முன்னால் பாயும். ரைபிள் பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் திரும்ப முன்னால் குலுங்கும். அந்தக் குலுக்கல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குறி நிற்கும். என் முதல் ஸ்பிரிங் ரைபிளை பைபாடில் நிறுத்தி, 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டேன். காகிதத்தில் ஐந்து ஓட்டைகளும் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. பைபாடைக் கழற்றி, மடித்த துண்டின்மேல் உள்ளங்கையை மலர்த்திவைத்து, ரைபிளை இறுக்காமல் கிடத்திச் சுட்டேன். நான்கு ஓட்டைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு விழுந்தன. ஐந்தாவது ஒரு விரல் தள்ளி. அன்றே பைபாட் பரணுக்குப் போனது. பி.சி.பி. ரைபிளில் உதைப்பு மிகக் குறைவு. பைபாட் அங்கே நன்றாகவே உதவும். விலையும் காற்றடிக்கும் வேலையும்தான் கூடுதல்.

ஸ்கோப் வாங்கும்போது, ஸ்பிரிங் ரைபிளின் இருபக்கக் குலுக்கலைத் தாங்குமா என்று கேளுங்கள். சாதாரண ஸ்கோப் சில நூறு சுடலிலேயே உள்ளே கழன்றுவிடலாம். 10 மீட்டர் வரை ஃபோகஸ் இறங்குவதும் முக்கியம். 100 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பில் தலை லேசாக அசைந்தாலே குறி நகரும்.

வேகத்தைப் பெரிதாக எழுதிய பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். போட்டி ரைபிள்களே சுமார் 7, 8 ஜூல் அளவில்தான் சுடுகின்றன. காகிதத்துக்குத் தட்டை மூக்கு பெல்லட் வாங்குங்கள். ஓட்டை வட்டமாக விழும், அளக்க எளிது. இரண்டு மூன்று வகை வாங்கி ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகச் சுட்டு, ஸ்கேலால் அளந்து, தேதியோடு குறித்துவையுங்கள். சாய்த்துவைத்துச் சுட்டும் ஐந்தும் 15 மி.மீ.க்குள் அடங்காவிட்டால், ரைபிளைக் குறை சொல்லுமுன் ஸ்கோப், கட்டை திருகாணிகளை முடுக்கிப் பாருங்கள். பெல்லட் போடாமல் ஸ்பிரிங் ரைபிளைச் சுடாதீர்கள், சீல் கெட்டுவிடும்.

இலக்குக்குப் பின்னால் தடிமனான தடுப்பு வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்துச் சுடவே கூடாது.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அந்த அளவு பில்லில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கறுப்புத் துப்பாக்கியைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நிஜத் துப்பாக்கி என்றே தோன்றும். தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகாதீர்கள்; மூடிய பெட்டியில் வைத்து, பில் நகலையும் அதற்குள்ளேயே போட்டு எடுத்துச் செல்லுங்கள்.