பெலா தார் தொடங்கிய இடம்

அன்புள்ள இளமாறனுக்கு,

முதல் படத்துக்கு முன்பே தனக்கென ஒரு பாணி வேண்டும் என்று எழுதி, ஹங்கேரி இயக்குநர் பெலா தாரைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறாய். அவர் உன் கட்சிக்குச் சாட்சி சொல்ல மாட்டார். ஏழு மணி நேரத்தைத் தாண்டும் ‘சாத்தான்டாங்கோ’ வந்தது 1994இல்; அவர் தொடங்கியது அதற்கு வெகு முன்பே. பதினாறு வயதில் 8 மி.மீ. கேமராவோடு அவர் போனது, ஆஸ்திரியாவில் வேலை செய்ய அனுமதி கேட்ட ரோமா தொழிலாளர்களிடம். அவர்களைப் பற்றி எடுத்த படத்தாலேயே பல்கலைக்கழகக் கதவு அடைபட்டு, கப்பல் கட்டும் தளத்தில் உடலுழைப்பு வேலைக்குப் போனார். 1977இல், 22 வயதில், எடுத்த முதல் முழுநீளப் படம் ‘ஃபேமிலி நெஸ்ட்’. வீட்டுப் பஞ்சம்தான் கதை. கணவன் ராணுவத்தில் இருக்க, இரேன் குழந்தையோடு மாமனார் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். சாப்பாட்டு மேசையில் மாமனார் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறார். கேமரா முகங்களை ஒட்டியே நிற்கிறது. அந்த வீட்டில் நகர இடமில்லை என்று யாரும் வசனம் பேச வேண்டியதில்லை. வீட்டுவசதி அலுவலகத்தில் அவள் மன்றாடுகிறாள், அதிகாரி கைவிரிக்கிறார். 1979இல் மான்ஹைம் திரைப்பட விழா இந்தப் படத்துக்குப் பெரும் பரிசு தந்தது.

இது கரடுமுரடான படம், அவருடைய பிற்காலத்து நீண்ட ஷாட்டுகளுக்கும் இதற்கும் ஒட்டுறவே இல்லை என்பாய். கரடுமுரடு என்பது உண்மை. ஆனால் இதிலேயே, ஒருவர் மனம்விட்டுப் பேசும்போது தார் அவசரப்பட்டு வெட்டுவதில்லை; பேசி முடிக்கும்வரை முகத்திலேயே இருக்கிறார். 1982இல் ஒரு தம்பதியின் சண்டையை ‘தி பிரீஃபேப் பீப்பிள்’ ஆக எடுத்தார். அதே ஆண்டில் தொலைக்காட்சிக்காக ‘மேக்பெத்’ நாடகத்தை இரண்டே ஷாட்டில் முடித்தார். மனிதரை விட்டுக் கண்ணை எடுக்காத பிடிவாதம்தான் நீண்ட ஷாட்டாக வளர்ந்தது என்பது என் கணிப்பு. பாணியை முன்கூட்டியே முடிவுசெய்திருந்தால், அந்த மேசையருகே அவர் உட்கார்ந்தே இருக்க மாட்டார்.

அரசுப் பணத்தில் எடுத்தவர் என்ன சுயாதீன இயக்குநர் என்ற கேள்வியும் நியாயம்தான். ‘ஃபேமிலி நெஸ்ட்’ உருவான பலாஷ் பேலா ஸ்டூடியோ அரசுப் பணத்தில்தான் நடந்தது. ஆனால் எந்தப் படத்தை எடுப்பது என்று அங்கே இளம் இயக்குநர்களே கூடி முடிவெடுத்தார்கள். எடுத்ததைத் திரையிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால் தணிக்கையின் பிடி தளர்ந்திருந்தது. உனக்கு அந்த வசதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்டூடியோவால் ஃபிலிமையும் பணத்தையும்தான் தர முடிந்தது. இரேனைத் தேடிப் போனது தார்.

‘ஃபேமிலி நெஸ்ட்’ பார்த்துவிட்டு எழுது. அடுத்த கடிதத்தில் லென்ஸைப் பற்றிக் கேட்காதே. யாரைப் படமெடுக்கப் போகிறாய் என்று சொல்.

அன்புடன்.