மே மாதத்தில் கடைக்கு வரும் மாணவருக்கு என்ன கற்றுத் தருவது?



ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் நம் கடைக்கு ஒருவர் வருவார். வாடிக்கைக்காரராகவோ தூரத்து உறவினராகவோ இருப்பார். பக்கத்தில் மீசை அரும்பும் பையன் ஒருவன் நிற்பான். "அண்ணாச்சி, பிளஸ் ஒன் முடிச்சிருக்கான். லீவுல சும்மா சுத்துறான். ஒரு மாசம் கடையில வச்சுக்கோங்க" என்பார். நாமும் சரி என்போம். மறுநாள் முதல் பையன் டீ வாங்கி வருவான், சாக்கு மடிப்பான், மூட்டை எண்ணுவான். பள்ளி திறந்ததும் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையிலும் வணிகவியல் பிரிவு மாணவன் ஒருவன் இப்படி இருந்தான். போகும்போது, "என்ன தம்பி, யாவாரம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டோம். "இல்லைங்க ஐயா. மூட்டை எண்ணுறதுக்கு எதுக்கு காமர்ஸ் படிக்கணும்?" என்றான். குறை அவனிடம் இல்லை. பேரேட்டை ஒருநாள்கூட அவனுக்குத் திறந்து காட்டாத எங்களிடம்தான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு கடைக்கு வந்த நாங்களே ஒரு மாணவனுக்குப் படிப்பின் மேல் சலிப்பு வரச் செய்துவிட்டோமே என்று மனம் உறுத்தியது. பிறகு மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முன்னோர் காட்டிய வழி

கடையில் வைத்துத் தொழில் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பெருமக்கள், இளைஞனைப் பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, அடுத்தாளாக உயர்த்தி, பின்பு ஏஜெண்டாக அமர்த்தினார்கள். விருதுநகர் வட்டாரத்து வணிகர்கள் சரக்கின் மேல் மகமை பிடித்து, அந்தப் பணத்தில் பள்ளிகளை நடத்தினார்கள். தொழிலும் கல்வியும் பகையல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

முதலில் சட்டம்

14 வயது நிறையாதவரைக் கடை வேலையில் வைக்கக்கூடாது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சொந்தப் பிள்ளை பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம். படிப்பு கெடக்கூடாது, வேலையில் ஆபத்தும் இருக்கக்கூடாது.

14 முதல் 18 வயது வரை உள்ளவரை அபாயமான வேலையில் ஈடுபடுத்தக்கூடாது. மற்ற வேலையிலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. வாரம் ஒருநாள் விடுமுறை தரவேண்டும். ஆகவே எங்கள் கடையில் காலை 10 முதல் பகல் 1 மணி வரை மட்டுமே வரச் சொல்கிறோம். பெற்றோரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குகிறோம். மூட்டை தூக்குவதும், பூச்சி மருந்து வைத்த கிட்டங்கிக்குள் போவதும் கிடையாது.

பத்து நாள் பாடம்

ஒரு மூட்டைத் துவரம் பருப்பைக் காட்டி, அதன் பின்னாலேயே மாணவரை நடக்க விடுவதுதான் எங்கள் பாடம்.

1. முதல் 2 நாள்: சரக்கு. கலபுரகிப் பருப்பும், கடல் கடந்து வரும் பருப்பும் நிறத்திலும் ருசியிலும் எப்படி வேறுபடுகின்றன என்று கையில் அள்ளிப் பார்க்கட்டும்.

2. அடுத்த 2 நாள்: வரவு. லாரி செட், எடை, இருப்புப் புத்தகம், முன்னால் வந்ததை முன்னால் விற்கும் முறை.

3. அடுத்த 3 நாள்: கணக்கு. பில், ஜி.எஸ்.டி., பேரேடு, வங்கிச் சீட்டு, பற்று வரவு.

4. அடுத்த 2 நாள்: மனிதர்கள். ஒருநாள் நம் ஆடிட்டர் அலுவலகம்; மறுநாள் வாடிக்கை மளிகைக்கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருத்தல்.

5. கடைசி நாள்: பார்த்ததை ஒரு பக்கம் எழுதி வாங்கி, அதைப் பற்றிப் பேசுதல்.

மாணவி போட்ட கணக்கு

மூன்றாம் பாடத்தில் நாங்கள் கொடுக்கும் மாதிரிக் கணக்கு இது. கிலோ 110 ரூபாய்க்கு வாங்கிய 50 கிலோ மூட்டையின் அடக்கம் 5,500. கிலோ 113-க்குக் கடனுக்கு விற்றால் 5,650. வித்தியாசம் 150 ரூபாய். வண்டிக்கூலி, ஏற்று இறக்குக் கூலி 40 போனால் மிச்சம் 110. முதலுக்கு மாதம் ஒன்றரை வட்டி என்றால் 30 நாளைக்கு 82 ரூபாய் 50 காசு. கையில் நிற்பது 27 ரூபாய் 50 காசு.

ஒரு மாணவி இதை முடித்துவிட்டு, நாங்கள் கேட்காமலேயே மேலும் போட்டுப் பார்த்தாள். "ஐயா, சரியா 40 நாள்ல லாபம் தீர்ந்துருது. 60 நாள் ஆச்சுன்னா மூட்டைக்கு 55 ரூபா நஷ்டம். பேரேட்டுல நிறையப் பேரு 60 நாள் தாண்டியிருக்காங்களே, அவங்களுக்கு ஏன் மறுபடியும் சரக்குக் குடுக்குறீங்க?" என்றாள். எங்களுக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு பேரேட்டைப் புரட்டி, தவணை கடந்தவர்களைத் தனியே எழுதினோம். கற்றுக்கொடுக்கப் போய் நாங்களே கற்றுக்கொண்டோம்.

அவர் வழி அவருக்கு

பத்து நாளும் பார்த்தால் பிள்ளையின் மனம் எங்கே நிற்கிறது என்பது தெரியும். கணக்கில் நின்றால் வணிகவியல் பட்டம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் சி.ஏ. முதல்நிலைத் தேர்வும் எழுதலாம். சரக்கின் தரத்தில் நின்றால் உணவுத் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல். தராசு, கம்ப்யூட்டர், இயந்திரம் என்று கை பரபரத்தால் பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. அல்லது 3 ஆண்டு பாலிடெக்னிக். ஆட்களிடம் பேசுவதில் நின்றால் விற்பனையும் சொந்தக் கடையும். தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டல் பற்றிப் பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "எங்க கடைக்கே வந்துரு" என்று இழுக்காதீர்கள். நம் சொந்தப் பிள்ளைக்கும் இதே நியாயம்தான். கடையைத் தெரிந்துகொண்டு விலகிப் போகிறவன் நாளை நல்ல ஆடிட்டராகவோ அதிகாரியாகவோ நம்மிடமே வரலாம். தெரியாமல் வெறுத்துப் போகிறவன் திரும்பி வரமாட்டான்.

நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள். நாம் ஆண்டுக்குப் பத்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் கொடுப்போம். சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் வரும் மே மாதம் ஒரு மாணவரை, முடிந்தால் ஒரு மாணவியையும், ஏற்றுக்கொள்வோமாக.

வணிகம் வளர்க! கல்வி செழிக்க!