எரிமலைச் சரிவில் விளையும் தக்காளி

இத்தாலி நாட்டின் தென்பகுதியில், நேப்பிள்ஸ் நகருக்கு அருகே, வெசூவியஸ் என்னும் எரிமலை நிற்கின்றது. கி.பி. 79-இல் பாம்பி நகரைச் சாம்பலால் மூடியது இம்மலையே. இறுதியாக அது சீறியது 1944-இல். அச்சாம்பல் படிந்த சரிவுகளில் சிறு தக்காளி ஒன்று வழிவழியாகப் பயிராகி வருகின்றது. அவ்வூர் உழவர் தம் தோட்டத்துப் பழத்திலிருந்தே விதை எடுத்துப் போற்றி வந்த பழைய இனம் அது. 'பியென்னோலோ' என்பது அதன் பெயர். தொங்குவது என்பது பொருள். கோடையிற் பறித்த குலைகளை நார்க்கயிற்றிற் கோத்துக் காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடுவர். அவை குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கும். நம் வீட்டுக் கூடையிலுள்ள தக்காளி ஒரு வாரத்திற்குள் குழைந்துவிடுவதை எண்ணிப் பாருங்கள்!

இவ்வியல்பு விதையால் மட்டும் வந்ததன்று. தக்காளிப் பழத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பங்கு நீரே. எஞ்சிய சிறு பங்கிலேதான் இனிப்பும் புளிப்பும் உயிர்ச்சத்தும் உப்புகளும் அடங்கியுள்ளன. எரிமலைச் சரிவின் மண் மணல் போன்றது. பெய்த மழை அதில் விரைவில் வடிந்துவிடும். ஆகவே, செடி நீருக்கு ஏங்கியே வளர்கின்றது. பழம் பெருப்பதில்லை, தோல் தடிக்கின்றது, உள்ளிருக்கும் சத்து செறிகின்றது. அதே விதையை நீர் தேங்கும் வயலில் நட்டு நாள்தோறும் பாய்ச்சினால் பழம் பருக்கும். சுவையோ நீர்த்துப் போகும்.

இனி, வெயிலின் செயலைக் காண்போம். பழத்தின்மீது ஒளி நன்கு படுமாயின் அதில் உயிர்ச்சத்து 'சி' மிகும். இலை நிழலில் மறைந்த பழத்தில் அது குறையும். ஆயின், ஒளி வேறு, வெப்பம் வேறு. பழத்திற்குச் செந்நிறம் தருவது லைக்கோபீன் என்னும் பொருள். வெப்பம் 30 பாகைக்கு மேல் நீடிக்குமாயின் அது உண்டாவது தடைப்படும். மஞ்சள் நிறப் பொருளோ தொடர்ந்து உண்டாகும். நம் நாட்டுக் கடுங்கோடையில் பழுக்கும் தக்காளி சில வேளைகளில் சிவக்காமல் மஞ்சள் பாய்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். பழுக்கவில்லை என்று அதனை வீசி எறிவோர் உளர். அது செடியின் குற்றமன்று.

எருவும் இதிற் பங்கு கொள்கின்றது. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் இலை செழிக்கும். பழத்தில் உயிர்ச்சத்து 'சி' குறையக்கூடும். கலிபோர்னியாவில் பத்தாண்டுகள் நடத்திய ஒப்பீட்டின் முடிவு 2007-இல் வெளிவந்தது. இயற்கை எரு இட்ட நிலத்துத் தக்காளியில் குவர்செட்டின் என்னும் காப்புப்பொருள் மற்றதைவிட நூற்றுக்கு 79 பங்கு மிகுந்திருந்தது. ஒரு நிலத்தில் கண்டதை எல்லா நிலத்திற்கும் விதியாக்குதல் பொருந்தாது என்பதும் உண்மையே.

பழைய இனங்கள் பலவற்றின் காய்களுக்குக் காம்பை ஒட்டிக் கரும்பச்சைத் தோள் உண்டு. காய் முழுதும் ஒரே நிறமாய் இருந்தால் அறுவடைக் காலத்தை அறிதல் எளிது எனக் கருதிச் சென்ற நூற்றாண்டில் அத்தோளை நீக்கினர். அதனால் காயின் பச்சையம் குறைந்து, இனிப்பும் குறைந்தது என்பது 2012-இல்தான் விளங்கிற்று.

இவையெல்லாம் உழவர் அறியாதவை அல்ல. ஆயினும், சந்தையில் தக்காளி எடைக்கே விலை போகின்றது. நீரைக் குறைத்தால் சத்து செறியும், எடை குறையும். அவ்விழப்பை யார் ஏற்பது? வெசூவியஸ் தக்காளியின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சட்டக் காப்பு அளித்தது. வரையறுத்த அந்நிலப்பகுதியில் விளைந்ததையே அப்பெயரால் விற்கலாம். ஆதலின், அங்குள்ள உழவர் எடையை மட்டும் நம்பியிராமல் பெயரைச் சொல்லியும் விலை கேட்க இயலும். பெயரில்லாத நிலத்து உழவரோ இன்றும் தராசையே நம்பியுள்ளனர்.